ஓர்வியேதோவின் படம்

நெவியா அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அரெஸ்ஸோவை விட்டுக் கிளம்பிய ரயில் வளைவில் சாய்ந்தபோதும் ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட மடியில் விரித்திருந்த துண்டைத் தாண்டி விழவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் மருத்துவமனை வார்டில் அடுத்தவர்களுக்கு ஊட்டிவிட்ட கை. உரித்த முட்டையை எதிர் இருக்கைக்கு முன்னால் இருந்த சின்னப் பலகையில், உப்புப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "மூணு மணி" என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள்.

எதிரே அவளுடைய அண்ணன் லொரியானோ. அவன் கை பலகைமேல் தேடியது. தண்ணீர் பாட்டிலில் இடித்தது, உப்பைக் கவிழ்த்தது, கடைசியில் முட்டையைப் பிடித்தது. நெவியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதவினால் அவனுக்குக் கோபம் வரும். பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிடக் கோபம் வரும்.

பார்வை போனவர்களுக்குத் தட்டைக் கடிகார முகமாக வைத்துச் சொல்வது அவள் தொழிலில் வழக்கம். இறைச்சி ஆறு மணியில், உருளைக்கிழங்கு பத்து மணியில், தண்ணீர் ஒரு மணிக்கு வெளியே. வார்டில் எத்தனையோ பேர் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். லொரியானோவிடம் முதல் தடவை சொன்னபோது அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"சாப்பாட்டுல மணி பார்க்கிற நிலைமை எனக்கு இன்னும் வரலை, மேட்ரன்" என்றான்.

நெவியா மேட்ரனாக இருந்ததே இல்லை. படுக்கை மாற்றுவது, உடம்பு துடைப்பது, மூத்திரச் சட்டி எடுப்பது, செத்தவர்களுக்குத் தாடை கட்டுவது, இதுதான் அவள் வேலை. மேட்ரன் என்பது அவளைச் சீண்ட அண்ணன் வைத்த பெயர்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். நேராகப் பார்த்தால் ஆளுக்கு முகம் இருக்காது. தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தால் காதும் தோளும் தெரியும். அதனால் அவன் யாரோடு பேசினாலும் பக்கத்தில் இருக்கிற வேறு யாரையோ பார்ப்பதுபோல இருக்கும். மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டார்கள். செப்டம்பரில் டாக்டர், இனி ஊசியால் பயன் இல்லை, வசந்தத்துக்குள் மிச்சமும் போய்விடும் என்று நெவியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வராந்தாவிலேயே அதை அண்ணனிடம் சொல்லிவிட்டாள். நோயாளியிடம் பொய் சொல்வதில்லை என்பது அவள் வைத்திருந்த ஒரே விரதம். நாளைக்கு எழுந்து உட்காருவீர்கள் என்று சாகப்போகிறவரிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணி வேணுமா என்றுதான் கேட்பாள்.

அவன் மனைவி இவானா இறந்த பிறகு நெவியா பிஸ்தோயாவில் அவன் வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். வந்த வாரமே மூன்று காரியம் கேட்டாள். வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழக வேண்டும். சாப்பாட்டில் மணி சொன்னால் கேட்க வேண்டும். நடைவழிச் சுவரில் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம் போட்ட படத்தைக் கழற்ற வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டு போகிற ஆளுக்கு அது எமன். மூன்றுக்கும் அவன் மாட்டேன் என்றான். கோல் வந்தது, குடைக்கூடையில் கிடந்தது. கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டான். அக்டோபரில் அந்தச் சட்டத்தின் மூலையில் நெற்றி இடித்து, தடுமாறி, மாடிப்படியில் மூன்று நாலு படி உருண்டான். இடுப்பு தப்பியது. நெற்றியைக் கழுவிக் கட்டுப் போடும்போது நெவியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த தடவை இடுப்பு போனால் அவளால் இவனைத் தூக்க முடியாது. அவளுக்கும் வயது அறுபத்தெட்டு. முதியோர் விடுதிதான். அந்த விடுதிகளை அவள் உள்ளிருந்து பார்த்தவள். அங்கே இவன் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான்.

"ஓர்வியேதோ ஒண்ணு பாக்கி இருக்கு. அதைப் பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன். கோலு, மணி, படம் எல்லாம்" என்றான் லொரியானோ.

அதற்காகத்தான் இந்தப் பயணம்.

லொரியானோ வேலை பார்த்தது ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையில். பிஸ்தோயாவில் பாதி ஊர் அங்கேதான் வேலை பார்த்தது. அவன் பிரிவு கண்ணாடி. ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவான், ரப்பர் பட்டை இழுப்பான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அறையிலும் இருக்கைக்கு மேலே, பெட்டி வைக்கும் தட்டுக்குக் கீழே, நாட்டின் பழைய நகரங்களைப் படம் பிடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவார்கள். அதுவும் அவன் வேலைதான். லூக்காவின் மதில், சியேனாவின் சதுக்கம், பெரூஜாவின் நீரூற்று, எல்லாவற்றையும் நாலு திருகாணி போட்டுச் சுவரில் இறுக்கினான். எதற்கும் போனதில்லை. விடுமுறை கிடைத்தால் இவானாவுக்குக் கடல் வேண்டும். கடலுக்குப் போவார்கள், திரும்புவார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு ஊராக ரயிலில் போய், நான் மாட்டினது நிஜமா என்று பார்க்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஓய்வு வந்தது, இவானாவுக்கு நோய் வந்தது, அது முடிவதற்குள் இவன் கண் போக ஆரம்பித்தது.

மாட்டுவதற்குக் கடினமான படம் ஓர்வியேதோ பேராலயம்தான் என்பான். முகப்பு முழுக்கச் செங்குத்தான கோபுரங்கள். மற்ற படங்கள் ஒரு நூல் சாய்ந்தாலும் யாருக்கும் தெரியாது. இதில் சாய்ந்தால் கோயிலே விழப்போவதுபோல இருக்கும். கையை நீட்டிக் கட்டைவிரலைக் கோபுரத்தோடு வைத்து ஒரு கண்ணால் பார்த்துத்தான் கடைசித் திருகாணியை முடுக்குவான். பழைய பெட்டிகளை உடைத்தபோது அதில் ஒரு படத்தைக் கேட்டு வாங்கிவந்து வீட்டு நடைவழியில் மாட்டினான். நெற்றியைக் கிழித்தது அதுதான்.

குடிவந்த இந்த இரண்டு வருசத்தில் நெவியா அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தாள். ஒவ்வொரு ஊருக்கும் பார்வை கொஞ்சம் குறைந்திருக்கும். லூக்காவில் மதில்மேல் நின்று கீழே போகிற சைக்கிள்களுக்கு நிறம் சொன்னான். சியேனாவில் கோபுரத்தின் உச்சி தெரிந்தது, கடிகார முள் தெரியவில்லை. அரெஸ்ஸோவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். பதில் வராததால் ஊர்க்காரர்களுக்குத் திமிர் என்றான். நெவியா, அவங்க மெழுகு, அதான் பேசலை என்றாள். பெரூஜாவில் நீரூற்றைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தான். எங்கே போனாலும் பார்த்து முடித்ததும் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவான், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. பிறகு, "சரியாத்தான் மாட்டியிருந்தேன்" என்பான்.

ஓர்வியேதோவில் இறங்கியபோது நவம்பர் மாதத்துக் காற்று நடைமேடையைத் துடைத்துக்கொண்டு போனது. ஊர் மேலே பாறையில் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரே இருக்கும் கயிற்று ரயிலில் ஏறிப் போனார்கள். மேலே போனபிறகு தெருவில் லொரியானோ அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடந்தான். பிடித்துக்கொள்ளவில்லை, தங்கைக்குத் துணையாகக் கைகோத்து வருகிறான் என்று பேர். தொப்பியைத் தூசி தட்டித் துடைத்திருந்தான். இவானாவின் இறுதிச்சடங்குக்குப் போட்ட மேல்கோட்டைப் போட்டிருந்தான்.

குறுகலான சந்து முடிந்து சதுக்கம் திறந்தது. நெவியாதான் முதலில் பார்த்தாள்.

முகப்பு முழுவதும் சாரம் கட்டியிருந்தார்கள். அடியிலிருந்து உச்சிவரை இரும்புக் குழாய். அதன்மேல் பெரிய படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். படுதாவில், உள்ளே மூடிக் கிடக்கிற முகப்பையே அதே அளவுக்கு அச்சடித்திருந்தார்கள். கோபுரங்கள், நடுவில் வட்டச் சன்னல், கதவுகள், எல்லாம் இருந்தன. பழுது பார்க்கும்போது இந்த நாட்டில் அப்படித்தான் செய்வார்கள்; வந்தவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம் என்று. வெயிலிலும் மழையிலும் சாயம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கீழ் ஓரத்தில் சேறு தெறித்திருந்தது.

எதையும் இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறவள் நெவியா. ரயில் நேரம், கயிற்று ரயில், கழிப்பறை எங்கே என்பதுவரை கேட்டு வைத்திருந்தாள். கோயில் திறந்த முகத்தோடு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. எழுநூறு வருசமாக நிற்பது நின்றுகொண்டுதானே இருக்கும்.

ஒரு வார்த்தை போதும். மூடியிருக்காங்க, லொரியானோ. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியானால் பார்க்கவில்லை, பேச்சும் செல்லாது, படுதாவை எடுத்ததும் மறுபடி வரலாம் என்பான். அதுவரை கோல் குடைக்கூடையில் கிடக்கும், படம் சுவரில் இருக்கும். படுதாவை எடுக்கும்போது இவனுக்குக் கண் இருக்காது, இடுப்பும் இருக்காது.

"வந்துட்டமா?" என்று கேட்டான் லொரியானோ. தலையை இடது பக்கம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் எதிரே தேடினான். "பெருசா ஒண்ணு நிக்குது."

"வந்துட்டோம்."

"கோபுரமெல்லாம் தெரியுது. நடுவுல சக்கரம் மாதிரி சன்னல் இருக்கணுமே."

"இருக்கு."

தொப்பியைக் கழற்றினான். காற்றில் மிச்சமிருந்த முடி எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, முகப்பில் பதித்த தங்கம் மின்ன வேண்டுமே, மத்தியானத்துக்கு மேல் கண் கூசும் என்பார்களே என்றான். மேகம் என்று நெவியா சொன்னாள். அது பொய்யில்லை, அப்போது மேகம்தான். ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் மேகம் விலகி வெயில் நேராகப் படுதாமேல் விழுந்தது. படுதா அதே சாம்பலாகத்தான் இருந்தது.

"இப்ப மின்னுதா?"

"மின்னுது" என்றாள் நெவியா.

லொரியானோ வலக்கையை நீட்டினான். கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டான். நேராகப் பார்ப்பதற்கு அந்தக் கண் மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். அப்படியே நின்றான். பிறகு பெரிய காற்று ஒன்று வந்தது. படுதா உப்பி எழுந்து, சுருங்கி, படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கோ ஒரு கயிறு குழாயில் மோதி டிங் டிங்கென்றது.

"அது என்ன சத்தம்?"

"கொடிக்கம்பம். நகராட்சிக்காரங்க பக்கத்துல கொடி கட்டியிருக்காங்க, காத்துல கயிறு அடிச்சுக்குது. பெரிய கொடி, அதான் அவ்வளவு சத்தம்."

அவன் கையைக் கீழே இறக்கினான்.

பட அட்டை விற்கிற வண்டிக்காரன் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். நல்ல மனசுக்காரன்போல. அருகில் வந்து, பாவம் அம்மா, இவ்வளவு தூரம் வந்தும் என்று ஆரம்பித்தான். நெவியா அவனைப் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது. வார்டில் வந்து ஒப்பாரி வைக்கிற உறவினர்களை வெளியே அனுப்புகிற பார்வை அது. அவன் வண்டிக்குத் திரும்பி அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான்.

சுவரைத் தட்டும் சடங்கு பாக்கி இருந்தது. முன்பக்கம் கூட்டிப்போனால் கை குழாயில் படும். இந்தப் பக்கம் காற்று கம்மி என்று சொல்லி அவனைக் கோயிலின் பக்கச் சுவருக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே மூடவில்லை. கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வரி வரியாக நிஜமாக இருந்தன. லொரியானோ உள்ளங்கையை வைத்தான். ஒரு தட்டு தட்டினான். சரியாத்தான் மாட்டியிருந்தேன் என்று அவன் சொல்லவில்லை. குளிரா இருக்கு என்றுதான் சொன்னான். உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு, போதும் என்றான்.

நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் சூப் குடித்தார்கள். லொரியானோ ஒரு குவளை வெள்ளை ஒயின் வாங்கினான். குவளையைத் தேடும்போது தட்டிவிட்டான். பரிமாறுகிற பெண் துடைத்துவிட்டு வேறு கொண்டுவந்து வைத்தாள், மேசையின் விளிம்பில். நெவியா அதை உள்ளே நகர்த்தினாள். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குக் கோல் சொல்லித்தரும் பெண்ணுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். சூப்பைப் பாதியில் தள்ளி வைத்தாள். ஒயின் குவளையை எடுத்துக் குடித்தது அவள்தான்.

திரும்புகிற ரயில் கியூசியைத் தாண்டியபோது வெளியே இருட்டிவிட்டது. பெட்டியில் அவர்களைத் தவிர, காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்குகிற ஒரு பெண் மட்டும். நெவியா சொட்டு மருந்தை எடுத்து அவன் தலையை இருக்கையில் சாய்க்கச் சொன்னாள். இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டாள். மறு கண்ணுக்குப் போகும்போது அவன் மெதுவாகப் பேசினான்.

"கல்லு காத்துல படபடக்குமா, நெவியா?"

அவள் கை நிற்கவில்லை. இரண்டாவது சொட்டையும் விட்டு, வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி, குப்பியை மூடினாள்.

"எப்பத் தெரிஞ்சது?"

"சத்தம் வந்தப்பவே சந்தேகம். நீ கொடிக்கம்பத்துக்கு அவ்வளவு விளக்கம் சொன்னியே, அப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் எதைக் கேட்டாலும் இருக்கு, மின்னுதுன்னே. எந்த ஊர்ல நீ நான் கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லியிருக்கே? பொம்மைக்கு வணக்கம் சொன்னப்பகூட மெழுகுன்னுதானே சொன்னே?"

நெவியா குப்பியைப் பைக்குள் வைத்தாள்.

"என்ன போட்டு மூடியிருந்தாங்க?"

"படுதா. அதுல கோயிலோட படத்தை அச்சடிச்சிருக்காங்க. அதே அளவுக்கு."

"நிறம்?"

"வெளுத்துப்போச்சு. சாம்பல். கீழே சேறு."

அவன் தலையைச் சாய்த்தபடியே இருந்தான். மருந்து மறுபடி கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சிரிக்கிறான் என்று அவள் முதலில் நினைத்தாள். மூக்கால் மூச்சு விட்டதுதான்.

"வேலை பார்த்த காலம் பூரா படத்தைத்தானே மாட்டினேன். கடைசியில போய்ப் பார்த்ததும் படம்தான்" என்றான்.

"வசந்தத்துல எடுத்துருவாங்க போல. மறுபடி வரலாம்."

"வந்து? நீ பார்த்துட்டுச் சொல்லப்போறியா? இன்னிக்குச் சொன்ன மாதிரியா?"

ஏன் பொய் சொன்னாள் என்பதை மட்டும் சொன்னாள். ஒப்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம், இடுப்பு, படி, விடுதி, எல்லாவற்றையும் வார்டில் அறிக்கை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். உனக்காகத்தான் என்று சேர்க்கவில்லை, பாதி தனக்காகவும்தான் என்று தெரியும். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையை நகத்தால் தடவிக்கொண்டே வந்தான். ஒரு மூலையில் பட்டை எழும்பியிருந்தது. கட்டைவிரலால் உள்ளே அமுக்கினான். விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

"சாதாரணமா நீ பொய் சொல்ல மாட்டே. அதனாலதான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்" என்றான்.

புளோரன்ஸ் வந்தது. அங்கே வண்டி மாறும்போது அவன் அவள் முழங்கையைப் பிடிக்காமல் இரண்டு அடி நடந்தான். யாரோ ஒருவனின் பெட்டியில் கால் இடித்தது. நின்றான். நெவியா போய் முழங்கையை அவன் கைக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். அவன் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை நெவியா சமையலறையில் காப்பிச் செம்பை அடுப்பில் வைத்தபோது நடைவழியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். லொரியானோ இரவு உடையில் நின்றபடி சட்டத்தின் நாலு மூலையையும் விரலால் தேடிக்கொண்டிருந்தான். கருவிப்பெட்டி பக்கத்து முக்காலியில் திறந்திருந்தது.

"தட்டையான திருப்புளி எங்க?" என்றான்.

அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டாள்.

"மணி சொல்லு" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

"நாலு மணி. உளிக்கு அடியில."

அவன் கை நேராக நாலு மணிக்குப் போனது. திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்றது. துருப்பிடித்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. திருப்புளியின் பிடியில் உள்ளங்கையால் தட்டித் தட்டி அதையும் எடுத்தான். எடுத்தவற்றை அவள் நீட்டிய முட்டைக் கிண்ணத்தில் போட்டான். படத்தை இறக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நாலு ஓட்டையோடு இருந்தது.

நெவியா சுண்ணாம்புக் களிம்பைக் குழைத்து நாலு ஓட்டையையும் அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, விரலை வைத்துப் பார்த்தாள், கை மாட்டுகிறதா என்று. பிறகு கோல் சொல்லித்தரும் பெண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.